பள்ளி இறுதியாண்டு: பதற்றம் எங்கிருந்து வருகிறது?

பள்ளி இறுதியாண்டு என்றதும் படிப்புக்கு ஒரு டைம்டேபிள், பதற்றத்துக்கு ஒரு மூச்சுப்பயிற்சி என்று இரண்டு மருந்து எழுதித் தருவது வழக்கம். இரண்டையும் ஒழுங்காகச் செய்தும் பல பிள்ளைகளுக்குப் பயம் குறைவதில்லை. காரணம், அந்தப் பயத்தில் பெரும்பகுதி படிக்கும் முறையிலிருந்தே கிளம்புகிறது. நிறையப் பாடம் பாக்கி இருப்பது மட்டும் பிள்ளையை அவ்வளவாக ஆட்டுவதில்லை. எது தெரியும், எது தெரியாது என்று தனக்கே பிடிபடாமல் இருப்பதுதான் ஆட்டுகிறது. பாக்கி பன்னிரண்டு பாடம் என்று தெரிந்தால் கணக்குப் போடலாம். 'எல்லாம் படிச்ச மாதிரியும் இருக்கு, ஒண்ணும் தெரியாத மாதிரியும் இருக்கு' என்ற நிலையில் என்ன கணக்குப் போடுவது?

இந்த மங்கலான நிலையை உண்டாக்குவதில் முதலிடம், புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதற்கு. மூன்றாம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிவிடுகின்றன. கண் தடையில்லாமல் ஓடுகிறது. அந்தப் பழக்கத்தை மூளை 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் எடுத்துச் சொல்வதும் வேறு வேறு திறன்கள். தேர்வு கேட்பது பெரும்பாலும் இரண்டாவதை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகக் காட்டியது. ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு குழு அதையே மறுபடி வாசித்தது. இன்னொரு குழு புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருந்ததை எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் 81 சதவீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதமும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய இரவு திரும்ப வாசிப்பது ஏன் திருப்தி தருகிறது, ஆண்டு முழுவதும் அதையே செய்தால் ஏன் கை கொடுப்பதில்லை என்ற இரண்டுக்கும் இந்த எண்களே பதில்.

ஒரு ஐம்பது நிமிடம் எப்படி இருக்க வேண்டும்

ஒளிச்சேர்க்கைப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. வெள்ளைத் தாளில், நேற்றுப் படித்ததில் நினைவுக்கு வருவதைப் பத்து நிமிடம் எழுத வேண்டும். வாக்கியமாக இருக்கத் தேவையில்லை; படம், அம்புக்குறி, பாதிச் சொல் எதுவானாலும் சரி. 'ஒளிவினை, இருள்வினை, குளோரோபிளாஸ்ட்' வரை தடையில்லாமல் வந்துவிடும். ஒளிவினை குளோரோபிளாஸ்டில் எந்த இடத்தில் நடக்கிறது, அங்கே உண்டாகும் எந்தெந்தப் பொருள் அடுத்த கட்டத்துக்குப் போகிறது என்று வரும்போது பேனா நிற்கும். அந்த இடத்தில் எரிச்சல் வரும். அப்போதே புத்தகத்தைப் புரட்டாமல் இன்னும் ஒரு நிமிடமாவது யோசிப்பது நல்லது. தேடிப் பார்த்துத் தோற்ற பிறகு கிடைக்கும் விடை கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது.

பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு நிற மையில் அதே தாளில் நிரப்ப வேண்டும்: ஒளிவினை தைலகாய்டு சவ்வில், இருள்வினை எனப்படும் கால்வின் சுழற்சி ஸ்ட்ரோமாவில், நடுவே கைமாறுவது ஏடிபி, என்ஏடிபிஎச். இதற்கு ஐந்து நிமிடம். அந்த நிறத்தில் இருப்பவை மட்டும்தான் இன்றைய திருப்புதல். அடுத்த இருபத்தைந்து நிமிடம் புதுப் பகுதி அல்லது கணக்கு. கடைசிப் பத்து நிமிடம் மறுபடி புத்தகத்தை மூடி, புதுப் பகுதியிலிருந்து நான்கைந்து கேள்விகளைத் தானே எழுதி வைக்க வேண்டும். நாளைய முதல் பத்து நிமிடத்துக்கு அவைதான் சரக்கு. செல்போன் இந்த ஐம்பது நிமிடமும் வேறு அறையில். கவிழ்த்து வைப்பது போதாது. ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தால், பார்த்த செய்தியின் மிச்சம் அடுத்த சில நிமிடங்களுக்கு மண்டையில் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த முறையில் முதல் இரண்டு வாரம் பிள்ளைக்கு நம்பிக்கை குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வாசித்தபோது 'தெரிந்தது' எல்லாம் தாளில் வராமல் போகும். 'இந்த முறை எனக்குச் சரிப்பட்டு வரலை' என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் ஓட்டை முன்பே இருந்தது, இப்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். தேர்வுக்கு எட்டு மாதம் முன்னால் கண்ணில் பட்டால் அது வெறும் வேலை. எட்டு நாள் முன்னால் பட்டால் பீதி.

கணக்கில் இதற்கு ஒரு தனி வடிவம் உண்டு. ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போட்டால் கை வேகமாக ஓடும். ஆனால் தேர்வில் 'இது எந்த வகை' என்று யாரும் சொல்வதில்லை. ரோரர், டெய்லர் என்ற உளவியலாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில், வகை வகையாகப் பிரித்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள்; கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முதல் குழு 20 சதவீதத்துக்கு விழுந்தது, இரண்டாம் குழு 63 எடுத்தது. ஆகவே ஒரு வகையில் நான்கைந்து கணக்கு கைவந்ததும் நிறுத்திவிட்டு, பழைய மூன்று பாடங்களிலிருந்து கலந்து எடுப்பதே சரி. மெதுவாகப் போகும், சிக்கும். சிக்கினால்தான் பயிற்சி நடக்கிறது என்று பொருள்.

எப்போது திரும்பிப் பார்ப்பது என்பதற்கு ஒரு எளிய அளவு: மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம், மூன்று வாரம், பிறகு மாதம் ஒரு தடவை. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து 1885-இல் வெளியிட்ட ஆய்வில், மறதியில் பெரும்பங்கு முதல் நாளுக்குள்ளேயே நடந்துவிடுவதைக் கண்டார். புரிந்து படித்த பாடம் அவ்வளவு வேகமாக உதிராது. ஆனாலும் முதல் திருப்புதலைத் தள்ளிப்போட்டால் பிறகு உழைப்பு அதிகம் என்பது மாறவில்லை.

டைம்டேபிள் ஏன் மூன்றாம் நாளே உடைகிறது

பெரும்பாலான டைம்டேபிள்கள் நாளிலிருந்து தொடங்குகின்றன: காலை 4 மணிக்கு எழுந்து, இரவு 11 வரை. வாரத்திலிருந்து தொடங்கினால் உண்மை தெரியும். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டரை மணி தூக்கம் என்றால் 60 போயிற்று. பள்ளியும் போக்குவரத்தும் 45 என்று வைப்போம். சாப்பாடு, குளியல், வீட்டு வேலைக்கு நாளுக்கு மூன்று மணி, அதாவது 21. ஓய்வு, விளையாட்டு, அரட்டைக்கு நாளுக்கு இரண்டு மணி, அதாவது 14. மிஞ்சுவது 28. இதையும் முழுதாக நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு, அதாவது 21 மணி நேரம் மட்டும் எழுதலாம்.

ஏன் முக்கால்? தன் வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணிப்பதில் மனிதர்கள் மோசம். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்னார்கள்; ஆனது 55 நாள் சொச்சம். காய்ச்சல், திடீர் விருந்தாளி, புரியாமல் இழுத்தடிக்கும் ஒரு பாடம் ஆகியவற்றுக்கு இடம் விடாத அட்டவணை முதல் தடங்கலிலேயே சரியும். சரிந்ததும் பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும், அட்டவணையைக் குறை சொல்லாது.

21 மணி நேரத்தில் ஐந்து பாடம் என்றால் ஆளுக்கு நான்கு என்று சமமாகப் பங்கு போடுவது பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. தடுமாறும் பாடத்துக்கு ஆறு, கைவந்த பாடத்துக்கு இரண்டு, மற்றவற்றுக்கு நான்கு நான்கு. மீதி ஒரு மணி நேரம் வாரக் கடைசியில் தவறுகளைத் திரும்பிப் பார்க்க. பிடித்த பாடத்தையே படித்துக்கொண்டிருப்பது உழைப்பு மாதிரித் தெரியும் ஒரு தப்பித்தல். இதை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் பிள்ளை மேசையில்தான் இருக்கிறது.

அட்டவணையில் 'வேதியியல் 6–7' என்று எழுதுவதும் வீண். 'இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவியதும், கரிம வேதியியல் பெயரிடலில் பத்துக் கேள்வி' என்று எழுதினால் தொடங்குவது எளிது. எப்போது, எங்கே, எதைச் செய்து முடிக்க வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன.

வாரக் கடைசி அந்த ஒரு மணி நேரம், தவறுகள் நோட்டுக்கு. மாதிரித் தேர்விலும் வகுப்புத் தேர்விலும் போன ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வரி: எந்தக் கேள்வி, எத்தனை மார்க், ஏன். 'கவனக்குறைவு' என்று எழுதுவதற்குத் தடை. அந்தச் சொல்லுக்கு மருந்து கிடையாது. 'தொகையிடலில் மாறியைப் பிரதியிட்டேன், எல்லைகளை மாற்றவில்லை, 3 மார்க்' என்று எழுதினால் மருந்து தானே தெரிகிறது: பிரதியிட்ட வரிக்குக் கீழேயே புது எல்லைகளை எழுதிவிட்டுத்தான் மேலே போவது. பாடமே தெரியாமல் போன மார்க், தெரிந்தும் நினைவுக்கு வராமல் போனது, கேள்வியை அரைகுறையாகப் படித்ததால் போனது, நேரம் போதாமல் போனது என்று இரண்டு மாதத்தில் நான்கைந்து குவியல்கள் சேரும். எந்தக் குவியல் பெரிது என்பதைப் பொறுத்து வேலை மாறும். நேரம் போதாத பிள்ளைக்கு இன்னொரு முறை பாடம் நடத்துவதில் பயனில்லை. அதற்குக் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கும் பயிற்சி வேண்டும்.

ஏற்கெனவே பின்தங்கிவிட்டவர்களுக்கு இதே நோட்டு வேறு வகையில் உதவும். மீதிப் பாடங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே பழைய வினாத்தாள்களில் அது எத்தனை மார்க்குக்கு வந்திருக்கிறது, கைவர எத்தனை மணி நேரம் ஆகும் என்று எழுதுங்கள். மார்க் அதிகம், நேரம் குறைவு என்பவை முதலில். பத்து மணி நேரம் தின்று மூன்று மார்க் தரும் பாடத்தை விடுவதென்றால் இப்போதே, தெரிந்தே விட வேண்டும். முடிவு செய்து விட்டது உறுத்தாது. விடலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருப்பதுதான் இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

உடலுக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து என்று மூளை முடிவு செய்தால் சில நொடிகளில் அட்ரினலின் சுரந்து இதயம் படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. சற்று மெதுவாக இன்னொரு சங்கிலியும் ஓடுகிறது. மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, கார்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் கூடி 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தைத் தொடுகிறது. கொஞ்சம் கூடினால் விழிப்பு வரும். மிகவும் கூடினால் முன்பே படித்ததை எடுத்துத் தரும் வேலை தடைபடுகிறது. தேர்வு அறையில் வராத விடை வாசலைத் தாண்டியதும் வருவது இதனால்தான், படிக்காததால் அல்ல.

அடுத்த பாதிப்பு கவலையால். ஒரே நேரத்தில் மனதில் வைத்துக் கையாளக்கூடிய துண்டுகள் சுமார் நான்குதான். 'ஃபெயிலானா என்ன செய்வேன்' என்ற எண்ணம் அதில் இரண்டைப் பிடித்துக்கொண்டால், நான்கு படிக் கணக்குக்கு இடமில்லை. ஒரு வரி விடைகள் தப்பித்துவிடும். நீளமான கணக்குகள்தான் முதலில் சரியும்.

படபடப்பை அடக்க முயல்வதைவிட அதற்கு வேறு அர்த்தம் கொடுப்பது எளிது. 'நான் பயப்படவில்லை' என்று சொல்லிக்கொண்டால் உடல் நம்பாது, இதயம்தான் துடித்துக்கொண்டிருக்கிறதே. 'உடம்பு தயாராகிறது' என்றால் நம்பும், அது உண்மையும்கூட. கவலைகளைத் தேர்வுக்கு முன் பத்து நிமிடம் எழுதித் தீர்த்தால் மதிப்பெண் கூடுகிறது என்று 2011-இல் வந்த ஆய்வு மிகவும் பரவியது. 2018-இல் அதை மறுபடி செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எழுதுவது பிடித்தவர்கள் எழுதலாம், மார்க் கூடும் என்று எண்ணி எழுத வேண்டாம். படுக்கும் முன் ஐந்து நிமிடம் நாளைய வேலைகளை எழுதி வைப்பதற்கு அதைவிடக் கூடுதல் காரணம் உண்டு: 2018-இல் தூக்க ஆய்வுக்கூடத்தில் செய்த சோதனையில், அப்படி எழுதியவர்கள் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள்.

தூக்கம் பற்றி வீட்டில் நடக்கும் சண்டைகளுக்குப் பாதிக் காரணம் வயது. பதின்பருவத்தில், தூக்க நேரத்தை உடலுக்குச் சொல்லும் மெலடோனின் ஹார்மோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராதது சோம்பலோ அடமோ அல்ல. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் தந்த அளவு. பகலில் படித்தது இரவுத் தூக்கத்தில்தான் நிலைபெறுகிறது. ஆகவே நான்கு மணி நேரம் தூங்கி மீதி நேரத்தில் படிப்பது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது. காபியின் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும்; மாலை ஆறு மணிக் காபியில் பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். பகல் தூக்கம் 20 நிமிடத்துக்குள் முடிந்தால் தெளிவு. முக்கால் மணியைத் தாண்டினால் எழுந்த பிறகு மந்தம். தேர்வு காலையில் என்றால் இரண்டு வாரம் முன்பிருந்தே, எழும் நேரத்தை நாளுக்குக் கால் மணி வீதம் முன்னே நகர்த்திக்கொண்டு வர வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் உடல் கேட்காது.

வீட்டிலுள்ளவர்கள் 'எத்தனை மணி நேரம் படிச்சே?' என்று கேட்டால் பிள்ளை மணி நேரத்தைக் காட்டக் கற்றுக்கொள்ளும். 'இன்னைக்கு எது வரலை?' என்று கேட்டு, வரும் பதிலுக்கு முகம் சுளிக்காமல் இருந்தால் நோட்டில் உண்மை எழுதப்படும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

இவையெல்லாம் சாதாரணப் பதற்றத்துக்கு. இரண்டு வாரத்துக்கு மேலாக அநேக நாட்களில் மனம் இறங்கியே இருந்தாலோ, பிடித்த விஷயங்களிலும் நாட்டம் போனாலோ, தூக்கமும் பசியும் மாறி அன்றாட வேலை நின்றுபோனாலோ, அது அட்டவணையால் தீராது; மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். 'நான் இல்லாமல் இருந்தால் நல்லது' என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சாவதைப் பற்றி யோசிக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல், ஆபத்தான பொருட்களைக் கைக்கெட்டாமல் அகற்றி, அன்றே மருத்துவ உதவிக்கு அழைத்துப் போக வேண்டும். தேர்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

தேர்வு அறையில்

மூன்று மணி நேரம், 100 மார்க் என்றால் 180 நிமிடத்தில் 10 வாசிக்க, 15 சரிபார்க்க. மீதி 155, அதாவது ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். ஐந்து மார்க் கேள்விக்கு ஏழரை நிமிடம். பத்து நிமிடம் தாண்டியும் முடியவில்லை என்றால் இடம் விட்டு நகர வேண்டும். இந்தக் கணக்கை மாதிரித் தேர்வுகளிலேயே பழகியிருக்க வேண்டும். அறையில் முதல் தடவை முயன்றால் அதுவே இன்னொரு பதற்றம்.

மூளை வெறுமையானால் பேனாவைக் கீழே வைத்து, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விட வேண்டும். ஐந்து தடவை செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. மூச்சை வெளியே விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. பிறகு அதே கேள்வியை முறைத்துக்கொண்டிருக்காமல், நிச்சயம் தெரிந்த ஒரு சின்னக் கேள்விக்குப் போய் எழுதத் தொடங்க வேண்டும். கை ஓட ஆரம்பித்ததும் விட்டது பெரும்பாலும் தானாக வரும். வராவிட்டால் அந்தப் பாடத்தில் நினைவிருக்கும் ஏதாவது ஒரு சமன்பாட்டையோ படத்தையோ ரஃப் வேலைக்கான இடத்தில் கிறுக்கிப் பார்க்கலாம். ஒன்றைப் பிடித்து இன்னொன்று வரும்.

வெளியே வந்ததும் விடைகளை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காமல் வீட்டுக்குப் போவது நல்லது. எழுதிக் கொடுத்த தாளில் அதனால் ஒரு மார்க்கும் மாறாது. அடுத்த தேர்வுக்கான மாலைதான் கெடும். சாப்பிட்டு, 20 நிமிடம் படுத்து எழுந்து, அடுத்த பாடத்தின் தவறுகள் நோட்டை எடுக்கலாம். அன்று புதுப் பாடம் எதையும் தொட வேண்டாம். கலந்த கேள்விகள் பத்துப் பதினைந்து, மூடிய புத்தகத்தோடு. வராதவற்றை மட்டும் பார்த்துவிட்டு, ஹால் டிக்கெட்டையும் இரண்டு பேனாக்களையும் பையில் எடுத்து வைத்துவிட்டு வழக்கமான நேரத்துக்குப் படுக்கலாம்.